குறுந்தொகையை எங்கிருந்து தொடங்குவது?

தெருமுனை வாடகை நூலகத்தில் இருந்த நாவல்களை ஒரே கோடை விடுமுறையில் படித்துத் தீர்த்தவள் நான். அதே வேகத்தோடு பி.ஏ. தமிழ் முதலாம் ஆண்டில் குறுந்தொகையைக் கையில் எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போனேன். பத்தாம் பாட்டைத் தொடுவதற்குள் மூடிவைத்துவிட்டேன். உரையைப் பார்த்தால் பொருள் இருந்தது. ஆனால் அந்தப் பொருளைத் தெரிந்துகொண்டதால் எனக்குள் எதுவும் அசையவில்லை. மறுபடி அந்தப் புத்தகத்துக்குத் திரும்ப இரண்டு ஆண்டுகள் ஆயின. இன்று அது என் தலைமாட்டிலேயே இருக்கிறது.

சங்கப் பாடல்கள் படிக்க ஆசை, எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது குறுந்தொகைதான். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டு. மிகச் சிலவற்றைத் தவிர எல்லாமே 4 அடி முதல் 8 அடிக்குள் முடிந்துவிடும். அலுவலகம் போகிற பேருந்தில் ஒரு பாட்டை மனப்பாடம் செய்துவிடலாம். இலக்கணப் பயிற்சி இல்லாதவர்களும் தொடங்கலாம். நான் தட்டுத் தடுமாறிக் கண்டுகொண்ட வழியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

எந்தப் பதிப்பு?

குறுந்தொகையை முதலில் உரையோடு அச்சிட்டவர் சௌரிப்பெருமாள் அரங்கன். ஆண்டு 1915. அதன்பின் 1937இல் உ.வே. சாமிநாதையரின் உரைப்பதிப்பு வந்தது. தொடங்குபவர் கையில் இருக்கவேண்டியது இந்த 1937 பதிப்பின் மறு அச்சு. பணம் கொடுத்து வாங்க இயலாதவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் மூலமும் உரையும் கிடைக்கின்றன. நூலுக்குப் பழைய உரை ஒன்று இருந்தது. 20 பாட்டு நீங்கலாக மற்றவற்றுக்குப் பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் உரை எழுதினார், விடுபட்ட இருபதுக்கு நச்சினார்க்கினியர் எழுதினார் என்று தெரிகிறது. அந்த உரை நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே ஐயர், சுவடிகளை ஒப்பிட்டு, மற்ற நூல்களின் உரைகளில் சிதறிக் கிடந்த குறிப்புகளைச் சேர்த்து, ஏறக்குறைய வெறுந்தரையிலிருந்து எழுப்பினார். அவர் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

மூலத்தை மட்டும் எளிதாகக் கண்ணோட்ட வேண்டுமென்றால் சந்தி பிரித்த பதிப்பு ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். மர்ரே எஸ். ராஜம் 1950களில் சங்க நூல்களை அப்படிப் பிரித்து மலிவு விலையில் வெளியிட்டார். நம்மைப் போன்றவர்களை மனத்தில் வைத்துச் செய்த வேலை அது.

முதல் பாட்டை விட்டுவிடுங்கள்

என் முதல் தவறு வரிசைப்படி படித்தது. இது பல புலவர்கள் பாடியதை ஒருவர் தொகுத்த நூல். கதை எதுவும் தொடர்ச்சியாக ஓடவில்லை. முதல் பாட்டு நாலே அடி. முருகனுடைய குன்றத்தில் காந்தள் குலைகுலையாகப் பூத்திருக்கிறது என்பதுதான் அதில் உள்ள செய்தி. தலைவன் ஒருவன் காந்தள் பூவைக் கையுறையாக, அதாவது காதல் பரிசாக, கொண்டுவந்து நிற்கிறான், 'இது எங்கள் மலையிலேயே நிறைய இருக்கிறது' என்று சொல்லித் தோழி அதை மறுக்கிறாள் என்பது தெரியாவிட்டால், அந்தப் பாட்டு வெறும் மலை வருணனையாக நின்றுவிடும். பதினெட்டு வயதில் எனக்கு அப்படித்தான் நின்றது.

நான் சொல்லும் வரிசை இது: முதலில் 40. பிறகு 3, 25, 47. அதற்குப் பிறகு 167, 41, 18, 58. இவை நன்றாக ஊறிய பின் 28. வாரத்துக்கு ஒன்று போதும். இரண்டு மாதத்தில் இந்த ஒன்பதும் முடியும். அதற்குமேல் நீங்களே கண்ணில் பட்ட பாட்டை எடுத்துப் படிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

கையால் எழுதி வாயால் சொல்வது

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டுக்கு இரண்டு பக்கம். இடப்பக்கத்தில் பாட்டை அச்சில் உள்ளபடி எழுதுங்கள். அதன் கீழே, உரையைப் பார்க்காமல், உங்களுக்குத் தெரிந்த மட்டும் சொற்களைப் பிரித்து எழுதுங்கள். 'செம்புலப் பெயனீர்' என்பது செம்மை, புலம், பெயல், நீர். 'தாங்கலந் தனவே' என்பது தாம் கலந்தன. பிரிக்க வராத இடத்தில் கோடு போட்டு விட்டுவிடுங்கள். அந்தக் கோடுகளுக்குப் பிறகு வேலை இருக்கிறது.

அடுத்து வாய்விட்டுப் படியுங்கள். மூன்று முறையாவது. இதைத் தவிர்ப்பவர்கள் பாட்டில் பாதியை இழக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். 40ஆம் பாட்டையே எடுத்துக்கொள்வோம்.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சந் தாங்கலந் தனவே

முதல் மூன்று அடியிலும் நான்கு நான்கு சீர். நான்காவது அடியில் மூன்றே சீர். கடைசி அடியில் மறுபடி நான்கு. ஈற்றுக்கு முந்தைய அடி இப்படிக் குறைந்து வருவது நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம். பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்திருந்தேன். வாய்விட்டுச் சொன்ன அன்றுதான் அந்த இலக்கணம் என்ன செய்கிறது என்று தெரிந்தது. மூன்று கேள்விகள் சீராக நடந்து வருகின்றன. 'செம்புலப் பெயனீர் போல' என்ற இடத்தில் மூச்சு ஒரு சீர் முன்னதாகவே நின்றுவிடுகிறது. அந்தச் சிறு வெற்றிடத்தில் மழைத்துளி மண்ணில் விழுகிறது. பிறகுதான் நெஞ்சங்கள் கலக்கின்றன. மேலே நான் பட்டியலிட்ட பாட்டுகளைச் சொல்லிப் பாருங்கள். ஈற்றயலடியில் அந்தத் தயக்கம் உங்கள் தொண்டைக்கே தெரியும்.

யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய், எந்தை என் தந்தை, நுந்தை உன் தந்தை. நாம் இன்று 'எங்கம்மா', 'உங்கப்பா' என்று இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்வதை அவர்கள் ஒரே சொல்லில் வைத்திருந்தார்கள். ஓசையில் ஒட்டிப் பிறந்த இரட்டைகள் மாதிரி இருக்கும் அந்தச் சொற்கள்தான், முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்களைக் குறிக்கின்றன.

யார் பேசுவது, யாரிடம், யார் காதில் விழும்படி?

என்னை இந்த நூலுக்குத் திருப்பிக் கொண்டுவந்தது இந்தக் கேள்விதான். முதலாம் ஆண்டு வகுப்பில் திணை, துறை, கருத்து என்று குறிப்புச் சொல்வார்கள், எழுதிக்கொள்வோம். மூன்றாம் ஆண்டில் புதிதாக வந்த பேராசிரியை ஒருவர் கரும்பலகையில் பாட்டை மட்டும் எழுதினார். ஆசிரியர் பெயர் இல்லை, திணை இல்லை. எங்கள் பக்கம் திரும்பி, "யாரு பேசுறா?" என்றார். அந்த வகுப்பு முடியும்வரை வேறெதுவும் கேட்கவில்லை.

அகப்பாட்டில் புலவர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவி, தலைவன், தோழி, தலைவியை வளர்த்த தாயான செவிலி என்று யாராவது ஒருவர் வாயைத் திறக்கிறார். அவர்களுக்குப் பெயரும் கிடையாது. அகத்திணையில் ஒருவரையும் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. ஆகவே ஒவ்வொரு பாட்டும் ஒரு நாடகத்தில் நடுவிலிருந்து கேட்கும் ஒரே ஒரு வசனம். முன்னால் என்ன நடந்தது, எதிரில் நிற்பவர் யார் என்பதை நாம் அந்த வசனத்திலிருந்தே தேடிக்கொள்ள வேண்டும்.

பதிப்புகளில் பாட்டோடு ஒரு உரைநடைக் குறிப்பு இருக்கும். இன்னார் இன்ன சமயத்தில் இன்னாருக்குச் சொன்னது என்று அது கூறும். முதலில் அதை ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்துக்கொள்ளுங்கள். பேசுபவர் யாரென்று உங்கள் ஊகத்தை வலப்பக்கத்தில் எழுதுங்கள். எந்தச் சொல்லை வைத்து ஊகித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். அதற்குப் பிறகு காகிதத்தை எடுங்கள்.

3ஆம் பாட்டில் இதைச் செய்து பார்ப்போம்.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

எது நிலத்தைவிடப் பெரியது? எது வானைவிட உயர்ந்தது? கடைசிச் சொல் வரும்வரை சொல்லமாட்டாள். 'நட்பே' என்பதில்தான் எல்லாம் போய் இறங்குகிறது. காதலில் ஊறிய ஒரு பெண் பேசுகிறாள் என்பது குறிப்பு இல்லாமலே தெரிந்துவிடும். இப்போது காகிதத்தை எடுங்கள். தோழி தலைவனைக் குறை சொல்கிறாள், அதற்கு மறுமொழியாகத் தலைவி அவனை உயர்த்திப் பேசுகிறாள் என்று இருக்கிறது. கூடவே இன்னொன்று: தலைவன் சிறைப்புறத்தில் நிற்கிறான். வேலிக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இதைத் தெரிந்துகொண்டு மறுபடி படியுங்கள். அதே நாலு அடி வேறு பாட்டாகிவிடும். தோழியின் ஏச்சும் தலைவியின் புகழ்ச்சியும் அவன் காதுக்கு அனுப்பப்படுகின்றன. இவ்வளவு பெரிய நட்பை வைத்துக்கொண்டு இன்னும் கல்யாணப் பேச்சை எடுக்காமல் நிற்கிறாயே என்று சொல்லாமல் சொல்கிறார்கள் இரண்டு பெண்களும். இந்தக் குறிப்புகளைச் சேர்த்தவர்கள் பின்னால் வந்தவர்கள், அவற்றை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் உரிமை. ஆனால் உங்கள் ஊகத்தையும் அவர்கள் ஊகத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் அந்த நிமிடம்தான் இலக்கியப் படிப்பு. வகுப்பறையில் எனக்கு யாரும் இதைச் சொல்லித்தராமல் இரண்டு ஆண்டு போனதில் இன்னும் வருத்தம் இருக்கிறது.

40ஆம் பாட்டுக்கும் இதே கதைதான். இன்று அது கல்யாணப் பத்திரிகைகளில் வாழ்த்தாக அச்சாகிறது. குறிப்பைப் பாருங்கள்: கூடிய பின், இவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சுகிறாள் தலைவி. முகத்தில் அது தெரிகிறது. அதைக் கண்டு தலைவன் பேசுகிறான். 'உன் தாய் யாரோ, என் தாய் யாரோ' என்பது அவள் வாயைத் திறந்து சொல்லாத அச்சம். அவன் அந்த அச்சத்தை ஒவ்வொன்றாக எடுத்து, ஆமாம், உண்மைதான் என்று ஒப்புக்கொள்கிறான். அதற்குப் பிறகே செம்மண்ணும் மழையும் வருகின்றன.

கபிலரின் 25ஆம் பாட்டுக்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்குங்கள்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அவன் என்னைச் சேர்ந்த அன்று சாட்சி யாருமில்லை, அவன்தான் இருந்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவள்போல ஒரு நாரை இருந்தது என்கிறாள். ஓடுகிற நீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்த நாரை. அதன் கால்கள் தினைத்தாள் மாதிரி மெலிந்து பசுமையாக இருந்தன என்பது வரை அவளுக்கு நினைவிருக்கிறது. ஏன்? வாழ்க்கையே மாறிப்போன நேரத்தில் கண் எதையாவது பற்றிக்கொள்ளும். அவள் கண் பற்றியது ஒரு பறவையின் காலை. அந்தப் பறவையும் இவர்களைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதைப் புரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது உரையைத் திறக்கலாம்

ஐயர் பதிப்பின் பக்கம் முதலில் மிரட்டும். எதை எப்போது பார்ப்பது என்று தெரிந்துகொண்டால் அந்தப் பயம் போய்விடும். முதலில் பதவுரை: நீங்கள் கோடு போட்டு விட்ட சொற்களை அதில் தேடி நிரப்புங்கள். முடிபு என்ற பகுதி வாக்கியத்தைக் கோத்துக் காட்டும், எந்த எழுவாய் எந்தப் பயனிலையில் முடிகிறது என்று. கருத்து ஒரே வரி. விசேடவுரையில் நிதானமாக உட்காருங்கள், ஏன் இந்த உவமை, ஏன் இந்தப் பூ என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

ஒப்புமைப் பகுதியைத் தொடங்குபவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டாதீர்கள். இந்தத் தொடர் வேறு எந்தெந்த நூலில் வருகிறது என்ற பட்டியல் அது. ஒரு நாள் ஒரு பாட்டின் ஒப்புமையைப் பிடித்துக்கொண்டு போனால் மாலைக்குள் அகநானூற்றுக்கும் கம்பராமாயணத்துக்கும் போய்த் திரும்பியிருப்பீர்கள். கணினி இல்லாத காலத்தில் ஒரு மனிதர் நினைவாலும் கைக்குறிப்பாலும் போட்டு வைத்த பாதைகள் அவை.

சொற்களில் கால் இடறும் இடங்கள் சில உண்டு. தெரியாத சொல் நம்மை அகராதிக்கு அனுப்பிவிடும், தெரிந்தது மாதிரி இருக்கும் சொல்தான் ஏமாற்றும். 28ஆம் பாட்டின் 'முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்' என்பதில் கொல்வதற்கு இடமில்லை, 'கொல்' ஐயத்தைக் காட்டும் இடைச்சொல்: முட்டுவேனா, தாக்குவேனா. 'நாற்றம்' சங்கப் பாட்டில் நறுமணம். 'கலிங்கம்' நாடல்ல, துணி. 'எல்லி' இரவு. 167இல் வரும் 'குய்' தாளிப்பு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இணையத்தில் தேடும் வசதியோடு இருக்கிறது. சந்தேகம் வரும்போதெல்லாம் அதில் பாருங்கள்.

அந்த 167ஐப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். புதிதாகக் குடித்தனம் வைத்த பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த செவிலி, பெற்ற தாயிடம் சொல்கிறாள். தயிர் பிசைந்த விரலைத் துடைத்த சேலையை மாற்றாமலே, கண்ணில் தாளிப்புப் புகை ஏற, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பை அவன் 'இனிது' என்று சொல்லிச் சாப்பிட்டான். அவள் முகம் 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று'. மெல்ல, வெளியே தெரிந்தும் தெரியாமலும் மகிழ்ந்தது. பெண்ணை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கும் ஒரு தாய்க்கு வேறென்ன செய்தி வேண்டும்? என் அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அடுப்பைக் குறைத்துவிட்டு, "இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

திணை அட்டவணையும் உண்மையான செடிகளும்

ஒவ்வொரு திணைக்கும் ஒரு காதல் நிலை: குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல். அட்டவணை இவ்வளவுதான், நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு மறந்துவிடலாம். அதைவிட முக்கியம் பாட்டில் வரும் செடியையும் பறவையையும் கண்ணால் பார்ப்பது. 47ஆம் பாட்டில் வேங்கைப் பூ உதிர்ந்த பாறை நிலவொளியில் புலிக்குட்டி மாதிரித் தெரிகிறது. பூக்கும் காலத்தில் வேங்கை மரத்தடியில் கறுத்த கல்மேல் மஞ்சள் சிதறிக் கிடப்பதை ஒரு தடவை பார்த்தவருக்கு இது உவமையாகவே தோன்றாது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறை பூப்பது. மூணாறு, கொடைக்கானல் பக்கம் 2006இலும் 2018இலும் பூத்தது. மலைக்குப் போக முடியாதவர்கள் படமாவது தேடிப் பாருங்கள். ஒவ்வொரு பூவும் எவ்வளவு சிறியது, அவற்றிலிருந்து 'பெருந்தேன்' சேர எத்தனை பூ வேண்டும் என்று தோன்றும். அதற்குப் பிறகு 3ஆம் பாட்டுக்குத் திரும்புங்கள்.

கூட ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தங்கை, கணவர், அலுவலகத் தோழி, யாராக இருந்தாலும் சரி. ஒருவர் பாட்டைச் சொல்லட்டும், மற்றவர் கேட்பவராக இருக்கட்டும். தோழியிடம் சொல்கிற பாட்டை ஒரு தோழியிடமே சொல்லிப் பார்த்தால், எந்தச் சொல்லில் குரல் தாழ வேண்டும் என்று தானாகத் தெரியும்.

பாடமாகப் படிப்பவர்களுக்கு

தமிழிலக்கியம் பட்டப்படிப்பாக எடுத்தவர்களுக்குத் திணையும் துறையும் மதிப்பெண்ணாக வந்து நிற்கும். வழிகாட்டி நூலை வாங்காதீர்கள் என்று சொல்லமாட்டேன், நானும் வாங்கினேன். ஒரே ஒரு வேண்டுகோள்: வகுப்பில் நடத்தப்போகும் பாட்டை முதல்நாள் இரவே நோட்டில் எழுதி, பிரித்து, பேசுவது யாரென்று ஊகித்துவிட்டு வகுப்புக்குப் போங்கள். பத்து நிமிட வேலை. மறுநாள் ஆசிரியர் சொல்வது உங்கள் ஊகத்தோடு மோதும். அந்த மோதலில் பதிந்தது பரீட்சைக்குப் பிறகும் இருக்கும்.

நாற்பது பாட்டு அளவுக்கு வந்ததும் அடுத்த நூலுக்குப் போகலாம். ஐங்குறுநூறு சிறியது, 3 முதல் 6 அடி, ஐந்து புலவர்கள் திணைக்கு நூறாகப் பாடியது. நற்றிணை 9 முதல் 12 அடி. அகநானூறு 13 முதல் 31 அடி வரை நீளும், அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஔவையாரின் 28ஆம் பாட்டை நான் ஏன் ஒன்பதில் கடைசியாக வைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அதைப் பகலில் படிக்கக்கூடாது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, மாடியிலோ சன்னல் ஓரத்திலோ நின்று, குரலைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள். தன் நோவை அறியாமல் தூங்கும் ஊரைப் பார்த்து முட்டுவேனா, கூவுவேனா என்று கேட்கிறாள் ஒருத்தி. 'அலமரல் அசைவளி அலைப்பவென்' என்ற மூன்று சீர் அடியில் காற்று வந்து மோதும். 'உயவுநோய் அறியாது துஞ்சும் ஊர்க்கே' என்று முடித்துவிட்டு, விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.